ஏரிக்கு நிலாக் கணக்கு, உடம்புக்குச் சூரியக் கணக்கு

பழவேற்காடு ஏரியில் இறால் வலை போடுகிறவர்களின் வேலை நேரத்தை முடிவுசெய்வது நிலா. கடல்நீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறும், பிறகு வற்றும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் சற்று முன்னே போய்விடுகிறது. அதனால் நாம் மறுபடி அதே நிலாவுக்கு நேராக வந்து சேர 24 மணி நேரம் போதாது. ஏறக்குறைய 24 மணி 50 நிமிடம் ஆகிறது. வற்றமும் தினம் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகிறது. இன்றைக்கு இரவு 9 மணிக்கு நீர் வற்றத் தொடங்கினால் நாளைக்குப் பத்து மணிக்குச் சற்று முன்னால் தொடங்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே வற்றம் பின்னிரவு 3 மணிக்குப் போய் நிற்கும்.

இறாலும் இந்தக் கணக்கில்தான் நடமாடுகிறது. பல இறால் வகைகள் பகலில் சேற்றில் ஒடுங்கிக் கிடந்து இருட்டிய பிறகே வெளியே வரும். ஏரியில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும்போது வற்றும் நீரோடு சேர்ந்து போகும். இருட்டும் வற்றமும் ஒன்றுசேரும் வேளைதான் வலை நிறையும் வேளை. எந்தக் குழு எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு என்ற ஏற்பாடு இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தலைக்கட்டு உள்ள ஒவ்வொருவருக்கும் நல்ல இடம் ஒரு நாள் கிடைக்க வேண்டும் என்ற நியாயத்தில் பிறந்த ஏற்பாடு அது. முறை வந்த இரவை விட்டுவிட்டால் அந்த வருமானம் போனதுதான்.

மனித உடம்போ நிலாக் கணக்கு அறியாதது. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு திரள் ஒன்று இருக்கிறது. உடம்பின் நேரத்தைக் காப்பது அதுதான். எப்போது உடல்வெப்பம் தணிய வேண்டும், எப்போது மெலடோனின் சுரக்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் உத்தரவு. வெளிச்சமே படாமல் விட்டாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் 1999-இல் அளந்தபோது அதன் ஒரு நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தெரிந்தது. அந்தப் பதினொரு நிமிடப் பிசகைத் தினமும் காலை வெளிச்சம் திருத்திவிடுகிறது.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழில் நிலாவைத் தொடர்ந்து தினம் 50 நிமிடம் நகர்கிறது. உடம்பு சூரியனைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரவெல்லாம் வலையோடு நின்றவர் காலை ஆறு மணிக்குக் கரைக்கு வரும்போது, ஏரித் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணுக்குள் நேராக இறங்கி, பொழுது விடிந்துவிட்டது என்று மூளைக்கு அடித்துச் சொல்கிறது. இன்னொரு பக்கம், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வருகிறது. தூங்கினால்தான் அது கரையும். கண் எரிச்சலும் தலைப் பாரமும் அதன் வேலை. ராத்திரி படகில் குடித்த டீ அடினோசின் உட்கார வேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இத்தனையும் சேர்ந்தால், உடம்பு அலுத்துப் போயிருக்கும், ஆனால் கண் அசராது. தகரக் கூரைக்குக் கீழே, வெயில் ஏற ஏற, மூன்று நான்கு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். அடுத்த இரவு வீட்டிலேயே இருந்தாலும் உடம்பு எந்த நேரத்தில் இருக்கிறது என்று அதற்கே தெரியாது.

மீன் விற்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம். படகு வரும் நேரத்துக்குக் கரையில் இருக்க வேண்டும், சந்தைக்கு வண்டி பிடிக்க வேண்டும், திரும்பி வந்தால் அடுப்பு. அவர்கள் இழக்கும் தூக்கத்தை யாரும் தொழில் பாதிப்பு என்று எழுதிவைப்பதில்லை.

இங்கிருந்து 60 கிலோமீட்டர்கூட இல்லாத சென்னையில் உழைக்கும் ஏழைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதை அளந்த அருமையான ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. 452 பேருக்குக் கையில் அசைவைப் பதியும் கருவி கட்டி, ஒரு மாதம் தட்டச்சு வேலை கொடுத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, சத்தம், கவலை என்று ஓர் இரவில் முப்பது முறைக்கு மேல் விழிப்பு. இரவுத் தூக்கத்தை எப்படியோ அரை மணி நேரம் கூட்டிக்கொடுத்துப் பார்த்தார்கள். வேலையில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பகலில் அரை மணி நேரம் நிம்மதியாகக் குட்டித் தூக்கம் போட இடம் கொடுத்தபோது வேலையும் கவனமும் மனநிலையும் தேறின. படுத்திருக்கும் நேரத்தைவிட இடையறாத தூக்கம் முக்கியம் என்பதை இந்த ஆய்வு காட்டுவதாகவே நான் படிக்கிறேன். அந்த இடையறாத தூக்கத்தை ஒரு மாத்திரை கொடுத்துவிடாதா என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது.

கேள்வி நியாயமானது. மாத்திரை மலிவு, விளைவு அன்றைக்கே தெரியும், மறுநாள் தொழிலுக்குப் போயாக வேண்டும். அதைக் கேட்டு மெடிக்கலில் போய் நிற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் இவற்றில் எதுவானாலும், சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். மருத்துவரின் ஆலோசனைப்படி அல்லாமல் உட்கொள்வது ஆபத்து, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் ஷெட்யூல் எச்1 விதி இது. இந்த மருந்துகளை விற்கும் கடை, எழுதிக் கொடுத்த மருத்துவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் இல்லாத கட்டுப்பாடு இதற்கு ஏன்?

மூளைக்குள் காபா என்ற பொருள் இருக்கிறது. நரம்பணுக்களின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. நரம்பணுவின் மேல்தோலில் காபா வந்து ஒட்டிக்கொள்ள ஓர் இடம் உண்டு. ஒட்டியதும் அங்கே ஒரு சிறு வழி திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே இறங்கும், அணு அமைதியாகும். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம் மூன்றும் சேர்ந்த பென்சோடையசெபின் குடும்ப மருந்து அதே வாயிலின் பக்கவாட்டில் வந்து உட்கார்ந்து, அந்த வழி இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. சோல்பிடெமும் வேறு வேதிக் குடும்பமானாலும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த முதல் பென்சோடையசெபின் விற்பனைக்கு வந்தது 1960-இல். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று கண்டறிந்தது 1977-இல். பதினேழு ஆண்டுகள், எங்கே வேலை செய்கிறது என்றே தெரியாத மருந்தை உலகம் கோடிக்கணக்கில் விழுங்கியிருக்கிறது.

மூளை சும்மா இருக்கிற உறுப்பு அல்ல. தினமும் வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து தன்னை அடக்குகிறது என்றால், அந்த அடக்கத்துக்கு எதிராகத் தன்னைத் திருத்திக்கொள்ளும். காபா வாயில்கள் மருந்துக்கு முன்போல் இணங்காமல் போகும். மூளையைக் கிளர்த்தும் குளூட்டமேட் பக்கம் வலுவாகும். சில வாரங்களிலேயே, முதல் நாள் அடித்துப் போட்ட அதே மாத்திரை வெறும் மாத்திரையாகிவிடும். ஒன்று இரண்டாகும். பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று 1988-லேயே சொல்லிவிட்டதற்கு மாத்திரைக்கு அடிமையாகும் ஆபத்தே முதல் காரணம்.

இந்த நிலையில் ஒருவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? எதிர்க்காற்றில் முழு பலத்தோடு சாய்ந்து நின்றவர், காற்று சட்டென்று நின்றதும் முகங்குப்புற விழுவது போலத்தான். அடக்கும் மருந்து போய்விட்டது, அதற்கு எதிராகக் கூட்டி வைத்த கிளர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், முன்பைவிட மோசமாகத் தூக்கம் போகும். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு வலிப்புகூட வரலாம், உயிரே போகலாம். “மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கமே வராது” என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் காண்பது பழைய தூக்கமின்மை அல்ல, மாத்திரை உண்டாக்கிய புதிய தூக்கமின்மை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் பத்து ஆண்டு, இருபது ஆண்டு அதே அட்டையோடு வாழ்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் பென்சோடையசெபின் மருந்துகள் எல்லாவற்றிலும் இந்த அடிமைத்தனத்தையும் நிறுத்தும்போது வரும் ஆபத்தையும் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று உத்தரவிட்டது.

மாத்திரை தரும் தூக்கமும் இயல்பான தூக்கமும் ஒன்றல்ல. தூங்கும் மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்த்தால் இது தெரியும். உடம்பு தன்னைச் சீராக்கிக்கொள்ளும் ஆழ்ந்த தூக்கம் பென்சோடையசெபினால் குறைகிறது. கனவு வரும் தூக்கமும் குறைகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள மேலோட்டமான தூக்கம் நீள்கிறது. கோபன்ஹேகனில் மைக்கன் நெடர்கார்ட் குழுவினர் 2025-இல் எலிகளில் கண்டது இதைவிட வியப்பானது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் நார்அட்ரினலின் சுமார் ஐம்பது நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்க, அதற்கேற்ப ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிந்து, மூளையைச் சுற்றியுள்ள திரவத்தை உள்ளே தள்ளிக் கழிவுகளை அலசி எடுக்கின்றன. சோல்பிடெம் கொடுத்த எலிகளும் தூங்கின, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிப்போனது, அலசலும் குறைந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனாலும் கண் மூடிக் கிடப்பதெல்லாம் தூக்கம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் படித்ததில்லை.

நீண்ட நாள் எடுத்தால் மறதி நோய் வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2014-இல் கனடாவின் கியூபெக் மாகாணத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். 2016-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு, அளவு கூடக் கூட ஆபத்து கூடுவதாகக் காணவில்லை. மறதி நோயின் தொடக்கத்திலேயே தூக்கம் கெடும், அதனாலும் மாத்திரை எடுப்பார்கள் என்பதால் இதைப் பிரித்தறிவது கடினம். இது இன்னும் தீராத வழக்கு.

தீர்ந்த வழக்கு ஒன்று உண்டு, விழுவது. பென்சோடையசெபின் எடுப்பவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த சோதனைகளைத் திரட்டி 2005-இல் கணக்கிட்டபோது, பதின்மூன்று பேருக்கு மாத்திரை கொடுத்தால் ஒருவருக்குத் தூக்கம் தேறியது. ஆறு பேருக்குக் கொடுத்தாலே ஒருவருக்குக் கேடு வந்தது. வயது ஏற ஏற மருந்து உடம்பைவிட்டுப் போகும் வேகம் குறைவது ஒரு காரணம். டயசிபாமில் பாதி வெளியேற இருபது வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகிறதென்றால், எண்பது வயதில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் ஆகலாம். நேற்று போட்ட மாத்திரை முழுதாகப் போவதற்குள் இன்றையது வந்து சேர்ந்துவிடும். பெண்களின் உடம்பில் சோல்பிடெம் ஆண்களைவிட மெதுவாகக் கரைகிறது என்று தெரிந்ததும் 2013-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள்.

பழவேற்காட்டில் இதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டவர் இரண்டு மணிக்கு எழுந்து ஃபைபர் படகில் ஏறுகிறார். முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் படகு குலுங்கும்போது கால் தன்னால் இடம் மாற வேண்டும். அந்த நொடியில்தான் மருந்து காலைப் பின்னுக்கு இழுக்கிறது. ஏரியின் ஆழம் குறைந்த இடங்களில் இருளர் பெண்கள் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். விரலில் பட்ட இறால் துள்ளுவதற்குள் விரல் மூட வேண்டும். அந்த வேகமும் தண்ணீருக்குள் நிலைதவறாமல் நிற்கும் பிடிமானமும்தான் அவர்கள் கைமுதல். மாத்திரை முதலில் தொடுவது அந்தக் கைமுதலைத்தான்.

மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இரண்டும் ஒரே காபா வாயிலில் வேலை செய்பவை. சேர்ந்து அடக்கும்போது மூச்சே அடங்கிப்போகலாம். குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுபவர்களுக்கும் இந்த மாத்திரை பகை. அவர்களுக்கு வேண்டியது மூச்சுத் தடைக்கான மருத்துவம். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் அவில் போன்ற மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அடிமையாக்காது என்று நினைத்துத் தினமும் போடும் முதியவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல், மனக்குழப்பம் எல்லாம் வரலாம்.

கடற்கரையில் தூக்கம் கெடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2004 ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதம் கழித்துத் தமிழ்நாட்டு மீனவர் கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. அலைச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுகிறவருக்குத் தூக்கமின்மை நோயல்ல, நோயின் அடையாளம். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் தூக்கத்துக்காக பென்சோடையசெபின் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வழிகாட்டியது. கடன், முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது, குறைந்துவரும் மீன் என்று இன்றைக்கும் கவலைகள் உண்டு. கவலையால் போன தூக்கத்துக்குக் கவலையைப் பேச ஓர் ஆள் வேண்டும்.

அப்படியானால் தூங்குவது எப்படி? நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் மருத்துவம் மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சொன்னது. அதன் அடிப்படை எளியது. தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராமல் புரண்டால் எழுந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு அருகே சுருக்கி, பிறகு மெல்ல நீட்டுவது. எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளச் சொல்லும் பாடம், எழும் நேரத்தையே நிலா முடிவுசெய்யும் ஊருக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. ராத்தொழில் முடிந்து வரும்போது தொப்பியையோ துண்டையோ கண்ணுக்கு இறக்கிவிட்டுக் காலை வெளிச்சத்தைக் குறைக்கலாம். வீட்டில் ஒரு மூலையையாவது இருட்டாக்கலாம். வலை எடுக்கும் கடைசி ஐந்தாறு மணி நேரத்தில் டீயை விடலாம். தொழிலுக்குப் போகுமுன் மாலையில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். அதைச் சோம்பல் என்று வீட்டார் எழுப்பாமல் இருப்பதே பெரிய உதவி. தகரக் கூரைக்குப் பதில் வெப்பம் தாங்கும் கூரை கட்டித் தருவதைத் தூக்க மருத்துவம் என்றே நான் கணக்கில் சேர்ப்பேன்.

ஏற்கெனவே பல மாதம் மாத்திரை எடுப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற மருத்துவர் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடத்தி, மாத்திரையை மிக மெதுவாகக் குறைத்தால் பெரும்பாலோர் விட்டுவிட முடியும் என்று காட்டினார். இப்போதைய வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைக்கச் சொல்கிறது. கியூபெக்கில் 303 முதியவர்களிடம் நடந்த சோதனை 2014-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, மாத்திரையின் கேட்டையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் எளிய மொழியில் சொல்லும் சிறு கையேடு ஒன்றை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 விழுக்காட்டினர் மாத்திரையை முழுதாக விட்டுவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் விட்டவர்கள் 5 விழுக்காடு. வெறும் காகிதம் செய்த வேலை இது. இப்படி ஒரு கையேடு தமிழில், மீனவர் ஊர்களின் வேலை நேரத்துக்கு ஏற்றபடி அச்சாகி, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது தினமும் தூக்க மாத்திரை போடுகிறார்கள் என்றால், தயவுசெய்து அதை ஒரே நாளில் பிடுங்கி எறியாதீர்கள், அது ஆபத்து. அட்டையை எடுத்துக்கொண்டு அவரோடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை நாளாக எடுக்கிறார், எந்த நேரத்தில் தொழிலுக்குப் போகிறார், குடிப்பழக்கம் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போக வழியில்லை என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், ராத்தொழில் முடிந்து வந்த நேரத்திலும் எடுப்பார்கள்.